வெள்ளிக்கிழமை டெர்மினும் மூன்று இராகுகாலமும்

வுப்பர்டால்,
ஐப்பசிக் கடைசி, மழை.

என் மதிப்புக்கும் பயத்துக்கும் என்றும் உரிய கொக்குவில் சிவமலர் அக்காவுக்கு,

தம்பி இராசலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் புஸ்பவதியும் முழங்கால்களைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் சுகம். உங்கள் மகன் சுரேன் முழங்காலும் சேர்த்துச் சுகம். அங்கு உங்களுக்கும் உங்கள் பிறஷருக்கும் நல்லூரான் துணை நிற்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறோம்.

வாட்ஸ்அப் இருக்கும் காலத்தில் இவனுக்கு ஏன் கடிதம் என்று நீங்கள் நினைப்பீர்கள். காரணம் உண்டு. நான் போன் எடுத்தால் நீங்கள் அதை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுகிறீர்கள். நான் ஒரு வசனம் சொல்வதற்குள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று பேர் எனக்குப் புத்தி சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்தப் பக்கம் சுரேன் எப்போதும் சோபாவில் இருக்கிறான். ஆகவே எங்கள் தெருவில் இருக்கும் றெக்ஸ் தம்பி லீவில் ஊருக்கு வருகிறபடியால் அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே இரண்டு பெரிய சொக்கிலேட் கட்டி. ஒன்றுதான் வந்து சேர்ந்தால் மற்றதை அவனிடம் கேளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை போனில் நீங்கள், "தம்பி, பிள்ளையின்ரை பத்திரமெல்லாத்தையும் ஆரோ வெள்ளைக்காரியிட்டைக் குடுத்துத் துலைக்கப் பாத்தியாமே?" என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் உச்சுக்கொட்டியதும் எனக்குக் கேட்டது. அக்கா, நான் எதையும் தொலைக்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பிறகு குற்றவாளி யார் என்று நீங்களே சொல்லுங்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன், அதில் பாதிக் குற்றவாளி கொக்குவிலில் இருக்கிறார்.

சுரேன் இங்கு வந்தது நீல அட்டையில் என்பது உங்களுக்குத் தெரியும். படித்தவர்களுக்கும் நல்ல சம்பளக்காரருக்கும் இந்த நாடு கொடுக்கிற விசா அது. நான் வந்தபோது எனக்குக் கொடுத்தது ஒரு கடதாசியும் ஒரு கம்பளியும். அது போகட்டும். அந்த நீல அட்டையில் ஒரு வசதி, டொச் மொழியில் பி-ஒன்று தரச் சோதனை பாஸ் பண்ணினால் இருபத்தொரு மாதத்தில் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் இருக்க வேண்டும். எனக்கு அந்த நிரந்தர விசா வந்து சேர்வதற்குள் மகள் தர்மிகா பிறந்து, நடந்து, பள்ளிக்கூடத்தில் எனக்கே டொச் பிழை திருத்தத் தொடங்கிவிட்டாள். ஆனால் பொறாமை என்று நினைக்காதீர்கள். அவன் சோதனை பாஸ் பண்ணிய அன்று ஸ்வீட் வாங்கி இந்தத் தெரு முழுக்கக் கொடுத்தவன் நான்தான்.

இதில் ஆறு மாதம் காத்திருக்க முடியாத ஒரு சங்கடம் வந்தது. சுரேன் வேலை செய்கிற கொம்பனி அவனுடைய பகுதியை வருஷக் கடைசியோடு மூடப்போகிறது. நீல அட்டைக்காரனுக்கு வேலை போனால், கெதியாக வேறு வேலை பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். நிரந்தர விசா கையில் இருந்தால் அந்தப் பயம் இல்லை. உங்களுக்குப் பிறஷர் ஏறிவிடும் என்று அவன் இதை உங்களிடம் சொல்லவில்லை. இப்போது எல்லாம் முடிந்தபடியால் நான் சொல்கிறேன், ஏற வேண்டாம் என்று பிறஷருக்கும் சொல்லுங்கள். ஆகவே வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது போய்ச் சந்திக்க ஒரு நேரம், கேட்டு எழுதினான். கோயிலில் நேர்த்தி வைத்து, மாதக்கணக்காகக் காத்திருந்து ஒன்று வந்தது. புரட்டாதியில், வெள்ளிக்கிழமை, பதினொன்றுக்குக் கால்மணி முன்பு.

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை இராகுகாலம் என்று பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். புஸ்பவதி கலண்டரைப் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். உங்களுக்குப் போன் எடுத்தோம். நீங்கள் சொன்னீர்கள், இராகு என்றால் யாழ்ப்பாணத்து இராகுதான், அங்கே பத்தரை என்றால் ஜெர்மனியில் காலை ஏழு, ஆகவே பயமில்லை என்று. கோயில் ஐயரைக் கேட்டேன். அவர், சூரியன் எங்கே எப்போது உதிக்கிறதோ அதை வைத்துத்தான் கணக்கு, இங்கே அன்றைக்கு இராகு மத்தியானமளவில்தான் வருவார் என்றார். புஸ்பவதி, சுவரில் உள்ள மணிக்கூட்டில் பத்தரை என்றால் பத்தரைதான் என்றாள். அக்கா, ஊரில் வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்று இரண்டு கட்சியாக நின்று சண்டை பிடித்தோம்; அதாவது இரண்டோடு நின்றது. இங்கே ஒரு வெள்ளிக்கிழமைக்கு மூன்று இராகுகாலம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விடிந்ததிலிருந்து மத்தியானச் சோறுவரை நல்ல நேரமே இல்லை.

சுரேன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, ஒண்டு செய்வம். இராகுவுக்கும் ஒரு டெர்மின் குடுத்து, அந்த நேரத்துக்குத்தான் வரவேணுமெண்டு சொல்லுவம்" என்றான். புஸ்பவதிக்குக் கோபம். "நீ சிரி. உன்ரை அம்மாதானே ராசா அங்கையிருந்து நெஞ்சிடிச்சுச் சாகப்போறா."

அப்போதுதான் அக்கா, நீங்கள் அந்த யோசனையைச் சொன்னீர்கள். மறக்க வேண்டாம், நீங்கள்தான் சொன்னீர்கள். பயணத்துக்கு நாள் சரியில்லை என்றால், முதல்நாளே நல்ல நேரத்தில் பயணச் சாமான் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பது நமது வழக்கம். சாமான் வாசல் தாண்டியதோடு பயணம் நல்ல நேரத்தில் தொடங்கிவிட்டது என்று கணக்கு. சுரேன் ஜெர்மனிக்கு வெளிக்கிட்டபோதும் அவனுடைய சிவப்புச் சூட்கேசை இரண்டு நாள் முன்பே பக்கத்து வீட்டில் வைத்தீர்களாம். அங்கே அது சரி. பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும். சூட்கேசை வாங்கி வைத்து, உங்களுக்குத் தேத்தண்ணியும் தந்திருப்பார்கள். இங்கே எங்கள் பக்கத்து வீடு என்றால் கீழ்மாடியில் தனியாக இருக்கும் பிராவ் ஹெர்மன். பிராவ் என்றால் திருமதி. எண்பது வயது தாண்டிவிட்டது. தள்ளுவண்டி பிடித்துத்தான் நடப்பார். குப்பையைப் பிழையான தொட்டியில் போட்டால் கடிதம் எழுதி எங்கள் கதவில் ஒட்டுவார். மற்றப்படி நல்ல மனுஷி.

வியாழக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து, சுரேனின் கடவுச்சீட்டு, பட்டம், சம்பளத் துண்டுகள், சோதனைச் சான்றிதழ் எல்லாம் அடங்கிய பைலை மஞ்சள் துணிப் பையில் போட்டு, மேலே ஒரு தேசிக்காயும் வெற்றிலையும் நீங்கள் அனுப்பிய திருநீற்றுப் பொட்டலமும் வைத்து, கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். "நாளைக்குக் காலையில் வந்து எடுப்போம்" என்றேன். பிராவ் ஹெர்மன் பையைப் பார்த்தார், தேசிக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன்?" என்று கேட்டார். அக்கா, நாற்பது வருஷம் தொழிற்சாலையில் பேசிய டொச் என்னுடையது. அதில் இயந்திரம் பழுது, லீவு வேண்டும், முதுகு நோகிறது எல்லாம் சொல்வேன். ஒரு பாம்பு நல்ல நேரத்தை விழுங்கும் கதையை அதில் எப்படிச் சொல்வது? வாய்க்கு வந்தது, "பாதுகாப்புக்காக" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டேன். அந்த ஒரு பொய்தான் நான் செய்த முழுக் குற்றமும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூன்று பேரும் தோய்ந்து, பொட்டு வைத்து, கீழே போய் மணி அடித்தோம். கதவைத் திறந்த பிராவ் ஹெர்மனின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பை எங்கே என்று கேட்டேன். "வங்கியில்" என்றார். பாதுகாப்பு என்று ஒரு மனிதர் வந்து கேட்டால், தன் வீட்டு அலுமாரி அதற்குப் போதுமா என்று இரவு நித்திரை வராதே என்று நினைத்து, வியாழக்கிழமை பின்னேரமே அதைக் கொண்டுபோய்த் தன் வங்கியின் நிலவறைப் பெட்டகத்தில், தன் தாலி... இல்லை, அவர்களுக்குத் தாலி ஏது, கலியாண மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். தள்ளுவண்டியோடு, அந்த மழையில். தேசிக்காயையும் சேர்த்துத்தான். அதுவும் முக்கியமானதாக இருக்கலாம் என்று.

சுரேன் என்னைப் பார்த்தான். "மாமா, என்ரை பாஸ்போட் வங்கியிலையோ?" என்றான். "தேசிக்காயும்" என்றேன்.

பெட்டகத்தைப் பிராவ் ஹெர்மன் நேரில் வந்தால்தான் திறப்பார்கள். ஆகவே அவர் உடுப்பு மாற்றி, தொப்பி தேடி, தொப்பிக்குள் இருந்த பெட்டகத் திறப்பை எங்கேயோ எல்லாம் தேடி, கடைசியில் நாலு பேரும் வெளிக்கிட்டோம். எங்கள் ஊரில் ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகும் ரயில் உண்டு என்று சொல்லியிருக்கிறேன். அதில் நான் ஒரு பக்கம், பிராவ் ஹெர்மன் தள்ளுவண்டியோடு மறுபக்கம், புஸ்பவதி நடுவில் கந்தசஷ்டி கவசம். வளைவில் ரயில் ஆடியபோது பிராவ் ஹெர்மன் புஸ்பவதியின் கையை எட்டிப் பிடித்தார். பிறகு இருவரும் விடவே இல்லை. இருபது வருஷம் ஒரே கட்டிடத்தில் இருந்து குப்பைத் தொட்டியைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள்.

வங்கியில் நிலவறைக்குப் பொறுப்பான ஆள் கோப்பி குடித்துவிட்டு வரும்வரை நின்றோம். இராகுவுக்குத் தப்ப வேண்டுமென்று முதல்நாளே அனுப்பி வைத்த பைல், புஸ்பவதியின் கணக்குப்படி சரியாக இராகுகாலம் பிறக்கும் நேரத்தில், பூமிக்கு அடியிலிருந்து லிஃப்டில் ஏறி வந்தது. பாதாளத்திலிருந்து! புஸ்பவதி வாசலிலேயே நின்றுவிட்டாள். பன்னிரண்டு கழியட்டும் என்றாள். "மாமி, இந்த டெர்மினை விட்டால் அடுத்தது மாரி முடிஞ்சுதான் வரும். அதுக்கிடையிலை என்ரை வேலை முடிஞ்சிடும். பிறகு நான் எந்த இராகுவிட்டைப் போய் நிக்கிறது?" என்று கேட்டான் சுரேன். அவன் குரல் உடைந்ததை நான் கேட்டேன் அக்கா. எப்போதும் பகிடி விடுகிற பிள்ளை. புஸ்பவதியும் கேட்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்தாள்.

அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண். நான் அந்தக் காலத்தில் அந்த அலுவலகத்துக்குப் போனால் கதிரை இருந்தாலும் இருக்கமாட்டேன். இப்போது இந்த நாட்டுக் கடவுச்சீட்டு என் சட்டைப் பையில் கிடக்கிறது. இருந்தும் உள்ளே போனவுடன் பழையபடி சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன். சுரேன் பையைக் கவிழ்த்து பைலை எடுத்தான். தேசிக்காய் மேசையில் விழுந்து உருண்டு, அந்தப் பெண்ணின் கணினிக்குக் கீழே போய் நின்றது. திருநீறு மேசை எல்லாம் கொட்டியது. வெள்ளைத் தூள் அக்கா! வெளிநாட்டவர் அலுவலகத்தில்! அவள் தூளையும் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள். "பாதுகாப்புக்காக" என்றார் பிராவ் ஹெர்மன் உறுதியாக.

அப்போது உங்கள் மகன் வாய் திறந்தான். இராகு யார், வெள்ளிக்கிழமை எப்போது வருவார், அம்மா சொல்வது என்ன, ஐயர் சொல்வது என்ன, மாமி சொல்வது என்ன, பை ஏன் கீழ்வீட்டுக்குப் போனது, மாமா ஏன் பொய் சொன்னார் எல்லாவற்றையும் டொச்சில், தடக்காமல், ஒளிக்காமல் சொன்னான். நான் நாற்பது வருஷமாகச் சொல்ல வெட்கப்பட்டதை அந்தப் பிள்ளை வெட்கமில்லாமல் சொன்னான். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "என் அம்மாவும் வெள்ளிக்கிழமை எதையும் தொடங்கமாட்டார். ஆனால் நீங்கள் இன்றைக்கு ஒன்றும் தொடங்கவில்லையே, முடிக்கத்தானே வந்திருக்கிறீர்கள்" என்று சொல்லி, திருநீற்றைக் கையால் வழித்துப் பொட்டலத்தில் போட்டுத் தந்தாள். புஸ்பவதி அந்த இடத்திலேயே அவளை ஆசீர்வதித்தாள்.

பத்திரமெல்லாம் சரி என்றாள். கடைசியாக, இருக்கிற வீட்டில் போதிய இடம் உண்டா என்று கேட்டாள். அது விதி, கேட்கத்தான் வேண்டும். நான் மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டேன். தர்மிகா கார்ஹிங் என்ற ஊருக்கு ஆராய்ச்சிக்குப் போன பிறகு அவளுடைய அறை சும்மா கிடந்தது, இவன் வந்துதான் அந்த அறையில் லைட் எரிகிறது, நான் இருக்கும்வரை இவன் அங்கேயே இருக்கலாம், இடம் போதாவிட்டால் நான் சோபாவில் படுப்பேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே, "அப்படியென்றால் தொடர்ந்து இந்த முகவரிதானே?" என்று சுரேனைக் கேட்டாள்.

அவன் தேசிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, பிராங்பேர்ட்டில் ஒரு வேலை சரிவந்திருக்கிறது, விசா கிடைத்தால் மார்கழி முதலாம் திகதி தொடங்க வேண்டும் என்றான்.

எங்களுக்கும் அது அப்போதுதான் தெரிந்த புதினம். நான் மெல்லக் கதிரையில் இருந்தேன். அந்த அலுவலகத்தில் கதிரையில் இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. வெளியே வந்ததும் சுரேன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டை சொன்னால் மாமி அழுவா, நீங்கள் கோவிப்பியள் எண்டு வாய் வரேல்லை மாமா" என்றான். "விசரா, நான் ஏன் கோவிக்கப்போறன்? நல்ல விசயம்தானே" என்றேன். புஸ்பவதியும், "போகத்தானே வேணும். வளந்த பிள்ளையைக் கட்டியே வைச்சிருக்கிறது?" என்றாள். பிராவ் ஹெர்மனுக்கு விஷயம் விளங்கியதும் அவர்தான் அழுதார்.

அக்கா, நான் அகதியாக இருந்த காலத்தில் இந்த ஊர் எல்லையைத் தாண்டக் கடதாசி வேண்டும். கூட்டாளி ஒருவனின் கலியாணத்துக்குக் கடதாசி இல்லாமல் பிராங்பேர்ட்டுக்குப் போய், திரும்பும்போது ரயிலில் பிடிபட்டு, பொலிசில் நின்றவன் நான். நான் களவாகப் போன ஊருக்கு என் மருமகன் ராசா மாதிரிப் போகிறான். அட்டை இந்தக் கிழமை கைக்கு வந்துவிட்டது. அதைத் தொட்டுப் பார்த்தேன். இந்த நாட்டில் எங்கேயும் இருக்கலாம், எந்த வேலையும் செய்யலாம் என்று அதற்கு அர்த்தம். எனக்குச் சந்தோஷம். மனப்பூர்வமான சந்தோஷம். இரண்டு தடவை எழுதுவதால் பொய் என்று நினைக்க வேண்டாம்.

நேற்று அவன் பெட்டி கட்டத் தொடங்கினான். எல்லாவற்றையும் கடதாசிப் பெட்டிகளில் அடுக்கினான். அந்தச் சிவப்புச் சூட்கேஸ் மட்டும் அலுமாரிக்கு மேலேயே இருந்தது. அதை இறக்கித் தரட்டுமா என்று கேட்டேன். "அது இஞ்சையே கிடக்கட்டும் மாமா. சாமானை முன்கூட்டி வைச்சால் பயணம் தொடங்கின மாதிரித்தானே? நான் இஞ்சை திரும்பி வாற பயணத்துக்கு இப்பவே வைச்சிட்டுப் போறன்" என்றான். இராகுவைப் பகிடி பண்ணிய வாய் அது. நான் குசினிக்குப் போய், தேவையில்லாமல் ஒரு பானையைக் கழுவினேன்.

ஆகவே அக்கா, இந்தப் பிரச்சினையிலிருந்து நான் படித்தது இதுதான். இனிமேல் எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. வாக்கியமும் வேண்டாம், திருக்கணிதமும் வேண்டாம். நீங்களும் தயவுசெய்து நாள், நட்சத்திரம் என்று ஒன்றும் சொல்லி அனுப்ப வேண்டாம். பிள்ளைகள் போகிற நாளில் போகட்டும். கிடைக்க இருப்பதை இராகுவால் தடுக்கவும் முடியாது, கிடைக்காததைக் கொடுக்கவும் முடியாது. நடக்கிறதுதான் நடக்கும்.

மருந்தை நேரத்துக்குப் போடுங்கள். போனை ஸ்பீக்கரில் போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மூவருக்கும் என் வணக்கம். பிராவ் ஹெர்மன் உங்களுக்கு அன்பு சொல்லச் சொன்னார். தேசிக்காய் இப்போது அவருடைய யன்னலில் இருக்கிறது, பாதுகாப்புக்காக.

என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
இராசலிங்கம்

பின்குறிப்பு: அக்கா, இதை வாசித்தவுடன் இந்தத் துண்டை மட்டும் கிழித்துவிடுங்கள். சுரேன் மார்கழி முதலாம் திகதி வீடு மாறப் பார்க்கிறான். முதல் கொஞ்ச மாதம் இங்கேயிருந்து வேலை செய்யலாம் என்று அந்தக் கொம்பனி சொல்லியிருக்கிறதாம், இவன்தான் அவசரப்படுகிறான். நீங்கள் போனில், அவனுடைய நட்சத்திரத்துக்கு இப்போது வீடு மாற நாள் இல்லை, மார்கழி கூடவே கூடாது, தையிலும் மாசியிலும் சந்திரன் சரியில்லை, சித்திரை பிறந்த பிறகுதான் நல்ல நாள் வருகிறது என்று, நீங்களே கண்டுபிடித்த மாதிரிச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் சிரிப்பான், ஆனால் தட்டமாட்டான். வாக்கியத்தில் அப்படி இல்லாவிட்டால் திருக்கணிதத்தில் பாருங்கள். புஸ்பவதிக்குத் தெரிய வேண்டாம். அவளுக்கு இப்படியான பலவீனங்கள் கிடையாது.

மச்சாள், நான் புஸ்பவதி. றெக்ஸ் தம்பியிட்டைக் குடுக்க முன்னம் கவரைத் திறந்து வாசிச்சுப் போட்டன். இவர் சித்திரை எண்டு எழுதியிருக்கிறார். அது காணாது. ஆவணி எண்டு சொல்லுங்கோ.